அந்தப் பூஜ்யத்தை எழுதியது நான்

மகனே,

வேலை உத்தரவு வந்த அன்று அதை நீ முதலில் படித்துக் காட்டியது எனக்குத்தான். தெற்கே கடலோரத்தில் இருக்கும் அணுமின் நிலையத்தில், தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில், பயிற்சி உதவியாளர். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ சமையலறை வாசலில் நின்று, "மொதல் ஆறு மாசம் கடலுக்குப் போற தண்ணில குளோரின் பாக்கற வேலையாம்மா. நீ பாத்தியே, அதே வேலை. ஒருநாள்கூட நீ தப்பா எழுதினது இல்லன்னு அப்பா சொல்வாரே, அந்த மாதிரி நானும் பேர் வாங்கணும்" என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அரிசியை இன்னொரு முறை களைந்தேன். அது ஏற்கெனவே மூன்று முறை களைந்த அரிசி. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டு அப்பாவிடம் சொல்ல ஓடினாய்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டு விஷயம் எதையும் பக்கத்து வீட்டில்கூடச் சொன்னதில்லை. ரயிலில் போகும்போதும் புத்தகத்தை விரித்துக்கொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதற்காகவே பாதி நாள் படித்தேன். அப்படிப்பட்ட நான் இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் கொடுக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவது உனக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உன்னிடம் மட்டும் சொன்னால் இது நம் வீட்டு ரகசியமாகிவிடும். இது ரகசியமாக இருந்ததுதான் குற்றமே.

நீ அணு உலைக்குப் போகிறாய் என்றதும் உறவில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உன் பெரியப்பா மட்டும் நேராகவே கேட்டார். "டேய், அங்க போய்க்கினு வந்தா ராத்திரில ஒடம்பு மின்னுமாமே? கரண்டு செலவு மிச்சம்டா." எல்லோரும் சிரித்தோம். கதிர்வீச்சைப் பற்றி நீ ஒரு பாடமே எடுத்தாய். எத்தனை சுவர்கள், எத்தனை கருவிகள், சட்டையில் குத்திக்கொள்ளும் அளவுப் பட்டை என்று விரல் மடக்கிச் சொன்னாய். குளோரினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்? அது நம் தெருக் குழாயில் வருவது. மழைக்காலத்தில் கிணற்றில் போடுவது. பள்ளிக்கூடக் கழிப்பறையில் மணப்பது. அதைக் கண்டு யாருக்கும் பயமில்லை. அதனாலேயே அதில் பொய் சொல்வது சுலபம். இது நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

அணுவானாலும் நிலக்கரியானாலும் மின் நிலையத்துக்குக் கடல் வேண்டும். நீராவியைக் குளிர வைக்கக் கடல்நீரை ராட்சதக் குழாய்களில் இழுக்கிறார்கள். அந்த நீரோடு சிப்பிகளும் பாசியும் உள்ளே வந்து குழாயில் ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். அவை ஒட்டாமல் இருக்கத்தான் குளோரின். சிப்பிக்கு எது ஆகாதோ அது இறாலுக்கும் ஆகாது, நண்டுக்கும் ஆகாது, மீன் குஞ்சுக்கும் ஆகாது. ஆகவே தண்ணீர் மறுபடி கடலுக்குப் போகும் வாயில் குளோரின் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வாயில் ஒருவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சின்ன மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும். எவ்வளவு அழுத்தமான நிறமோ அவ்வளவு குளோரின். மீஞ்சூரைத் தாண்டிக் கடலோரத்தில் இருந்த அந்த மின் நிலையத்தில், காண்ட்ராக்டில், ஐந்து வருஷம் அந்த மாத்திரையைப் போட்டவள் நான். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பெயரை எழுதினால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுவேன்.

பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் நீ. நீ பள்ளிக்கூடம் போன பிறகு அஞ்சல் வழியில் வேதியியல் படித்தேன். எங்கள் பக்கத்தில் என் அம்மாவும் அத்தைகளும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அந்தக் கோட்டைத் துவைத்து மடித்து வைக்கும்போதெல்லாம் எனக்கு இருந்த கர்வத்தை உன்னிடம் ஒளிக்க மாட்டேன். அதைக் கழற்ற வேண்டி வந்துவிடுமோ என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் ஷிப்ட் கெமிஸ்ட் செல்வம் சார். கெட்டவர் இல்லை. உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒருநாள்கூட அவர் எனக்கு லீவு மறுத்ததில்லை. முதல் வாரமே அவர் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் வெளியேறும் கால்வாயில் பிடித்த பாட்டிலை நேரே மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது. மாடிக் கைப்பிடிச் சுவரில், வெயிலில், அரை மணி நேரம் வைக்க வேண்டும். "தண்ணி சூடா கீதும்மா. ஆறட்டும். சூட்ல மாத்திரை போட்டா அது இஷ்டத்துக்குக் கலர் காட்டும்." வெயிலில் வைத்தால் எப்படி ஆறும் என்று நான் கேட்கவில்லை. வெயில் பட்டால் குளோரின் பறந்துவிடும் என்பது பாடப் புத்தகத்தில் இருப்பது. பிடித்த இடத்திலேயே, பிடித்த நிமிஷமே பார்க்க வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருப்பது. அங்கே எல்லோருக்கும் அது தெரியும். அதற்கு 'ஆறவைக்கிறது' என்றே பெயர். "இன்னா, பாட்டில் ஆறிச்சா?" என்று டீ வாங்கப் போகிறவர்கள்கூடக் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆறிய பாட்டிலில், நிறத்தை அளக்கும் கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதினேன். ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. அதனால் நான் பொய் எழுதவில்லை என்று நம்பினேன். உனக்கு அங்கே முதலில் வரப்போகும் சோதனை இந்த மாதிரிதான் இருக்கும். யாரும் உன்னிடம் வந்து பொய் எழுது என்று சொல்ல மாட்டார்கள். பாட்டிலைக் கொஞ்சம் அங்கே வை என்பார்கள்.

நீ ஏழாம் வகுப்பு படித்த வருஷம். அப்பா, கும்மிடிப்பூண்டி உருக்காலையில் காலில் இரும்பு விழுந்து, கட்டுப் போட்டு வீட்டில் இருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் குளோரின் செலுத்தும் வால்வை யாரோ மூடாமல் போய்விட்டார்கள். எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கால்வாய்க்குப் போனபோது மூக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. அன்று பாட்டிலை ஆறவைக்கவில்லை, நேராக மேஜைக்கு ஓடினேன். மாத்திரையைப் போட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ரத்தம் போலச் சிவந்தது. பிறகு நிறமே இல்லை. குடிதண்ணீர் போலத் தெளிவாக நின்றது.

உன் பாடப் புத்தகத்திலும் இது இருக்கும், தேடிப் படி. குளோரின் அளவுக்கு மிஞ்சி இருந்தால் அது அந்த நிறத்தையே தின்றுவிடும். ஒன்றுமே இல்லாத தண்ணீரும் மிக அதிகமாக உள்ள தண்ணீரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அப்போது காய்ச்சி வடித்த நீரைக் கலந்து, நீர்க்க வைத்து, மறுபடி பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. நான் வடிநீர் கேனை எடுத்தும்விட்டேன். செல்வம் சார் என் கையைப் பிடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கலர் கீதா?"

"வந்து போயிடுச்சு சார். இது ஓவர் டோஸ். டைல்யூட் பண்ணிப் பாக்கணும். புக்குல..."

"கலர் கீதா, இல்லையா? அத்த மட்டும் சொல்லு."

"இப்ப இல்ல சார்."

"அப்ப பூஜ்யம். கண்ணால பாத்தத எழுதும்மா. புக்குல படிச்சத எழுதாத. வால்வத்தான் மூடியாச்சே, இன்னும் இன்னா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "யார் யார வெச்சிக்கறதுன்னு காண்ட்ராக்ட் லிஸ்ட் இந்த மாசம் போவுது. ஊட்ல உன் ஊட்டுக்காரரு வேற படுத்துக்கினு கீறாரு" என்றார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். நான் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகானது என்று நீ சொல்வாய். அன்றும் அழகாகவே விழுந்தது.

மறுநாள் காலை கால்வாய் போய்ச் சேரும் உப்பங்கழியில் மீன் மிதந்தது. கரையெல்லாம் இறால் வெளுத்துக் கிடந்தது. மீனவர் குப்பத்து ஜனங்கள் நிலையத்தின் கேட்டுக்கு வந்து நின்றார்கள். அதிகாரிகள் வந்தார்கள், தண்ணீரை முகர்ந்து பார்த்தார்கள், பதிவேட்டைக் கேட்டார்கள். என் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். பூஜ்யம். அப்படியானால் இந்த பிளீச்சிங் வாடை எங்கிருந்து வந்தது? தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கொட்டி மீனை மயங்க வைத்துப் பிடிக்கிற திருட்டுத்தனம் அங்கங்கே நடப்பதுதான். மருந்து வைக்கிறது என்பார்கள். அந்தப் பக்கம் பார்வை திரும்பியது. கழியில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் சிலர் உண்டு. அவர்களில் கன்னியம்மா என்பவள் அன்று மழைக்குத் தலையில் ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தாள். பிளீச்சிங் பவுடர் சாக்கு. எங்கள் நிலையத்துக் குப்பைமேட்டில் பொறுக்கியது. எங்கள் சாக்குதான் என்று எனக்குத் தெரியும், அதன் முத்திரை தெரியும். நான் கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு நின்றேன்.

அன்று சாயங்காலமே ஊர் கூடிச் சொல்லிவிட்டார்கள். கன்னியம்மா வீட்டார் இனிமேல் அந்தத் தண்ணியில் கால் வைக்கக் கூடாது. அங்கே ஊர்க்கூட்டத்தின் வார்த்தைக்கு மேலே எதுவும் கிடையாது. வழக்கு என்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அவள் பெயர் மருந்துக்காரி ஆயிற்று.

அதே வாரம் நடந்த ஒன்றை நீ மறந்திருக்க மாட்டாய். கணக்குத் தேர்வுத் தாளில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாய். வாத்தியார் எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் உன்னை அறைந்தேன். உன் கன்னத்தில் என் விரல் பதிந்ததைப் பார்த்துவிட்டு அப்பா, கட்டுப் போட்ட காலோடு எழுந்து வந்து, "இன்னாத்துக்குமே பச்சப் புள்ளய இப்டி அடிக்கற? ஒரு கையெழுத்துதானே!" என்று கத்தினார். ஒரு கையெழுத்துதானே என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. உன்னை இழுத்துக்கொண்டு போய் வகுப்பு வாசலில் விட்டு, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லச் சொன்னேன். நீ சொன்னாய். உன் குரல் நடுங்கியது ஜன்னலுக்கு வெளியே எனக்குக் கேட்டது. சாயங்காலம் வந்து, "சொல்லிட்டேம்மா. பசங்க சிரிச்சாங்க. ஆனா இப்ப ஒண்ணும் இல்ல" என்று சாப்பிட உட்கார்ந்தாய். பன்னிரண்டு வயதில் நீ செய்ததை நான் பத்தொன்பது வயது வித்தியாசத்தையோ, பட்டத்தையோ, கோட்டையோ வைத்துக்கொண்டு செய்ய முடியாது என்று இல்லை. செய்யவில்லை. உன்னை நான் அறைந்தது உன் பொய்க்காக மட்டும் இல்லை. இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மறு வருஷம் வேலையை விட்டேன். முதுகுவலி என்று உங்களிடம் சொன்னேன். அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டியில் டியூஷன் எடுத்தேன், கடையில் பில் போட்டேன், நூலகத்தில் இருந்து பை நிறையப் புத்தகம் கொண்டுவந்து படித்தேன். தவறு செய்தவர்களைப் பற்றிய கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க என் தவறு எனக்கு மிக நன்றாகப் புரிந்தது. புரிந்ததே போதும் என்று இருந்துவிட்டேன். படிக்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது. கன்னியம்மா என்ன ஆனாள் என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

நீ உத்தரவைப் படித்துக் காட்டிய மறுவாரம் போனேன். குப்பத்துக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டி அவள் குடிசை. இடையில் சில வருஷம் செங்கல் சூளைக்குப் போயிருந்தாள், முட்டி போய்விட்டதால் திரும்பி வந்துவிட்டாள் என்று வழியில் சொன்னார்கள். விறகு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா? ரேசன் கார்டு எழுதறவங்களா?"

"இல்லம்மா. அந்தக் கம்பெனில தண்ணி டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தேன்."

"எந்தத் தண்ணிய? எங்கள்தா, உங்கள்தா?" என்றாள். பிறகு, "குந்து" என்று ஒரு விறகுக் கட்டைக் காட்டினாள்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, நிறம் போன பாட்டில், பூஜ்யம், சாக்கு. சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் விறகுக் கயிற்றை முறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அழுவாத. நீ அழுதா நான் உனுக்குத் தண்ணி மோந்து குடுக்கணும். கொடத்துல தண்ணி இல்ல" என்றாள். அது கேலியா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. குடம் காலியாகத்தான் கவிழ்ந்து கிடந்தது.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா" என்றேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நான் மருந்து வெக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு."

அவள் தொடர்ந்தாள். "எம் மருமவ இப்பவும் பறிய எடுத்துக்கினு எறங்கறதுக்கு மூணு மைல் அந்தாண்ட போறா. இங்க வாசல்ல கீது தண்ணி. கால் வெக்க முடியல. ஊரு கூடி வெச்சத ஊரு கூடித்தான் எடுக்கணும். சனிக்கெழம காலைல வலைக் கொட்டாயில கூடறாங்க. வர்றியா? வந்து நின்னு, நான்தான்னு சொல்லுவியா? இல்ல, எங்கிட்ட அழுதுட்டு ரயில் ஏறிப் போயிடுவியா?"

வருகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. "பாக்கலாம்" என்று விறகைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பழைய அடி பட்ட காலைத் தடவினார். அப்புறம், "புள்ள அணு கம்பெனிக்குப் போறான். போலீஸ்காரன் ஊடு தேடி வந்து விசாரிக்கறான். இந்த நேரத்துல நீ போய் நான் பொய் எழுதினேன்னு நின்னா, அவன் பேரும்தானே கெடும்? இத்தினி வருசம் இருந்தவ இன்னும் ரெண்டு வருசம் இருந்தா இன்னா?" என்றார். அவர் சொல்வது தவறில்லை. என் பெயர் உன் தாள்களில் இருக்கிறது. இதனால் உனக்கு ஒரு கேள்வியாவது வரலாம், வேலையே தள்ளிப் போகலாம். உன்னைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். கேட்டால் முடிவு உன்னுடையது ஆகிவிடும். போ என்று நீ சொன்னால் அந்தத் துணிச்சலை உன்னிடம் இரவல் வாங்கியவள் ஆவேன். வேண்டாம் என்று சொன்னால் என் பூஜ்யத்தில் உன் கையெழுத்தும் விழுந்துவிடும். அதனால் கேட்கவில்லை. உனக்கு வரக்கூடிய கஷ்டத்தை உன்னைக் கேட்காமலே உன்மேல் வைக்கிறேன். இதற்கு நீ கோபப்பட்டால் அது நியாயம்.

உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தண்ணீர் பிடித்த இடத்திலேயே மாத்திரையைப் போடு. வெயிலோ மழையோ, குனிந்த இடத்திலேயே பார். நிறம் வந்து மறைந்தால் சந்தோஷப்படாதே, பயப்படு. அந்தக் கால்வாய் போய்ச் சேரும் இடத்துக்கு முதல் வாரமே ஒருமுறை நடந்து போய், அங்கே தண்ணீரில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா. அவர்களில் ஒருவருடைய பெயராவது உனக்குத் தெரிந்திருக்கட்டும். கன்னியம்மாவின் பெயர் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் அந்தக் கேனைக் கீழே வைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உன்னிடம் நான் எந்த வாக்குறுதியும் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் உனக்கும் ஒருநாள் வரும். அப்போது உன்னிடம் அக்கறையாகப் பேசுகிறவரிடம் கூடுதல் ஜாக்கிரதையாக இரு.

இதை நீ படிக்கும்போது சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும். இதே கடிதத்தின் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு ஊர்க்கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன், பிறகு யாரும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாதபடி. அன்று காலை, உன்னை வேலையில் சேர்க்க நம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நீயும் அப்பாவும் ஏறும் அதே ரயிலில்தான் நானும் ஏறுவேன். மீஞ்சூர் வரைக்கும் நாம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் போவோம். வழியில் நீ என்னோடு பேச வேண்டும் என்றில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். புளிசாதம் கட்டி உன் பையின் மேல்பக்கம் வைத்திருப்பேன், பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிடு. மீஞ்சூரில் நான் இறங்கும்போது நீ எழுந்து வர வேண்டாம், உன் இடம் போய்விடும். அங்கே வண்டி அதிக நேரம் நிற்காது. நான் முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வேன்.

அம்மா